மெஷினையும் மன்னிப்பையும் திரும்பப் பெறுவது எப்படி?

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். நானும் நலமாக இருப்பதுதான் இப்போது பிரச்சினை. போனில் சொல்லலாம் என்றால், இவர் பக்கத்தில் வந்து நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துவார். அதனால் கடையின் ஸ்டோர் ரூமில் ஒரு அட்டைப்பெட்டியை மேசையாக்கிக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலுக்குப் பெட்டிதான் பொறுப்பு.

போன மாதம் எனக்கு இடது மார்பில் ஒரு வலி வந்தது. புரண்டு படுத்தால் சுருக்கென்றது, கையைத் தூக்கினால் சுள்ளென்றது, நான் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருந்தது. நான் உள்ளாடைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். "இது உங்களுக்குப் பத்தாதும்மா, ஒரு சைஸ் பெருசா எடுங்க" என்று நாள் முழுக்கக் கூச்சமில்லாமல் கூவுகிற வாய். எனக்கே வலி என்றதும் அந்த வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன். இவரிடம் சொல்ல வெட்கமில்லை. சொன்னால் டார்ச்சையும் ஸ்பானரையும் எடுத்து வந்துவிடுவாரோ என்று பயம். லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு வேறு என்ன தோன்றும்? பொறுக்கமுடியாமல் ஒருநாள் சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சத்தம் ஏதாவது வருதா?" என்று கேட்டார்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் செல்போனில் தேடிப் பார்த்தேன். தேடியிருக்கக் கூடாது. மார்பு வலிக்க ஆயிரம் காரணம் போட்டிருந்தது, என் கண்ணுக்கு ஒன்றுதான் தெரிந்தது. சரி, நம் கதை முடிந்தது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். "டாக்டர்கிட்டப் போகவேண்டியதுதானேடி" என்று நீ கத்துவது இங்கே கேட்கிறது. போனால் உறுதியாகிவிடுமே அக்கா! அதற்குப் பதிலாக வீட்டை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தேன். இவருக்கு வாஷிங் மெஷின் போடக் கற்றுக்கொடுத்தேன். அத்தனை மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற மனுஷர், சோப்புத்தூளை எந்த ஓட்டையில் கொட்டுவது என்று ஒரு வாரம் முழித்தார். அலமாரியைக் காலி செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாத்தனாரையும் மன்னித்துவிட்டேன்.

அங்கேதான் கெட்டேன். மாமியார் போனபிறகு அவருடைய தையல் மெஷின் எனக்கா அவர் மகளான இவளுக்கா என்று வெடித்த சண்டையில் நாங்கள் பேச்சை நிறுத்தி எத்தனை வருஷம் ஆயிற்று! இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. எதிரெதிரே வந்தால் ஒருத்தி செருப்பைப் பார்ப்பாள், இன்னொருத்தி வானத்தைப் பார்ப்பாள். போகிறவளுக்கு மெஷின் எதற்கு என்று வண்டி பிடித்து அதை அவள் வாசலில் இறக்கி, "எல்லாத்தையும் மறந்துடலாம்மா, எனக்கு உம்மேல ஒண்ணுமில்ல" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணி, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டாள். கேட்க மாட்டாளா பின்னே! அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். அதுவும் வலித்தது.

மன்னித்தாயிற்று, இனி என்ன பயம் என்று மறுநாளே டாக்டரிடம் போனேன். பெண் டாக்டர். இரண்டு பக்கமும் அக்குள்வரை தொட்டுப் பார்த்துவிட்டு, விலா எலும்புப் பக்கம் ஒரு அழுத்து அழுத்தினார். நான் போட்ட அலறலில் வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம். "சமீபத்துல கனமா ஏதாவது தூக்குனீங்களா?" என்றார். தூக்கினேனாவா! எங்கள் பிரிவை மேல்மாடிக்கு மாற்றினார்கள், லிஃப்ட் ஓடவில்லை, பெட்டி பெட்டியாகப் படியேறிச் சுமந்தோம். அந்த லிஃப்ட்டைச் சரிசெய்ய வேண்டியவர் யார் தெரியுமா? என்னைக் கட்டிய மகராசன்தான்! "பார்ட்ஸ் வரல, பார்ட்ஸ் வரல" என்று தினமும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாரே, அந்த பார்ட்ஸ்தான் அக்கா என் மார்பில் வந்து குத்தியிருக்கிறது.

டாக்டர் விளக்கமாகச் சொன்னார். "வலின்னு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நீங்க பயப்படறது இருக்கறதில்லம்மா. மாசாமாசம் தேதி நெருங்குறப்போ ரெண்டு பக்கமும் கனத்து வலிக்கும். மாசவிலக்கு நிக்கப்போற வயசுலயும் வலிக்கும். சில மாத்திரையால வலிக்கும், பால் குடுக்கறப்போ வலிக்கும். உங்களுக்கு இது நெஞ்சுச் சதைப்பிடிப்பு. ஆனாலும் காட்டாம இருக்கக் கூடாது, நீங்க வந்தது நல்லது" என்றார். காலில் விழலாமா என்று நான் யோசிக்கும்போது என் உள்ளாடையைப் பார்த்து, "இதுவும் உங்க அளவில்லையே, இப்படி இறுக்குனா வலிக்காதா? எந்தக் கடைல வாங்குனீங்க?" என்று கேட்டார். அக்கா, நான் உண்மையில் செத்தது அந்த நிமிஷம்தான்.

பிழைத்துவிட்டேன் என்ற சந்தோஷம் பஸ் ஸ்டாப் வரைக்கும்தான். அங்கே நின்றபோது மெஷின் ஞாபகம் வந்தது. நாத்தனாரோ இப்போது தினம் சாயங்காலம் வந்துவிடுகிறாள். கேட்காமலே என் ஜன்னல் திரையை வெட்டித் தைத்து முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். மன்னித்தால் தினமும் வீட்டுக்கு வருவார்கள் என்று யாராவது எனக்குச் சொன்னார்களா? அதனால் நீ ஒரு உதவி செய்யவேண்டும். ஒருநாள் வந்து, "அந்த மெஷின் என்னோடது, உங்கம்மாகிட்ட இரவல் குடுத்திருந்தேன்" என்று ஒரே ஒரு பொய் சொல். மன்னிப்பை எப்படித் திரும்ப வாங்குவது என்பதையும் நீயே யோசித்து வை.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம். நீ நூறு வயசு இருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
சாகாத தங்கை

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல் கைப்பையிலேயே வைத்திருந்தேன். நேற்று நாத்தனார் வந்தபோது, பெரிய டாக்டரம்மா மாதிரி அவளுக்குப் பாடம் எடுத்தேன். "வலி மட்டும்னா அனேகமா பயமில்ல. ஆனா ஒரே இடத்துல விடாம வலிச்சா, காம்புல ரத்தம் கசிஞ்சா, காம்பு புதுசா உள்ள இழுத்துக்கிட்டா, தோல் குழிஞ்சா, சிவந்து காய்ச்சல் அடிச்சா உடனே காட்டணும். கட்டி தட்டுப்பட்டா வலிக்குதா இல்லையான்னு பாத்துட்டு இருக்கவே கூடாது" என்றேன். அவள் கையில் தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள். "வலிக்கலேன்னாக்கூடவா அண்ணி?" என்றாள். அவளுக்குப் பல மாதமாக ஒரு கட்டி இருக்கிறதாம். வலிக்காததால் ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டாளாம்.

இன்று லீவு போட்டுவிட்டு அதே டாக்டரிடம் அழைத்துவந்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். இப்போது உள்ளே ஊசி வைத்துச் சதை எடுக்கிறார்கள், முடிவு வர நாளாகும். எல்லாக் கட்டியும் கெட்ட கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். உள்ளே போகும்முன் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னிக்கு வராம இருந்திருந்தா இத நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன் அண்ணி" என்றாள்.

நீ பொய்யெல்லாம் சொல்லவேண்டாம். மெஷின் அவளிடமே இருக்கட்டும். ஆனால் சீக்கிரம் வா அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. சண்டை போடவாவது அவள் எனக்கு வேண்டும்.