வடசேரியாரின் வலது முழங்கால்

எங்கள் பக்கத்தில் வடசேரியாரைப்போல் ஒரு பிடிவாதக்காரர் பிறந்ததில்லை. இனிப் பிறக்கவும் வேண்டாம். ஒரு ஊர் ஒருவரைத்தான் தாங்கும்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையில் மட்டும் கிடந்தது.

கொம்புமுறி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கண்ணகி அம்மனுக்காக எங்கள் ஊர்களில் நடக்கும் விளையாட்டு அது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். அப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, இரண்டு பக்கமும் நின்று இழுப்போம். எவருடைய கொம்பு முறிகிறதோ அவருக்குத் தோல்வி. வென்றவர்கள் தோற்றவர்களைப் பார்த்து வசைப்பாட்டுப் படிப்பார்கள். தோற்றவர்கள் தலையைக் குனிந்து கேட்கவேண்டும். பிறகு எல்லாரும் ஒன்றாக இருந்து சோறு தின்பார்கள்.

நாட்டில் சண்டை தொடங்கியதும் கொம்பு இழுப்பது நின்றது. நாலு பேர் சேர்ந்து நின்றாலே ஆமிக்காரன் துவக்கோடு வந்து கேள்வி கேட்கிற காலம். எல்லாரும் விட்டுவிட்டோம். வடசேரியார் விடவில்லை.

தென்சேரிக்காரன் கடை உப்பில் உப்பில்லை என்பார். ஊரில் முடி வெட்டுகிறவர் தென்சேரி என்பதால் காத்தான்குடிக்குப் போய் வெட்டிக்கொண்டு வருவார். பெண் எடுத்தது மட்டும் தென்சேரியில். கொம்பு இழுக்கிற மாதமான வைகாசி பிறந்தால் மனைவி பூரணக்காவோடு பேச்சு நின்றுவிடும். சொல்ல வேண்டியதை நாய்க்குச் சொல்லுவார்.

“டேய், இண்டைக்குக் குழம்பில புளி கூட.”

நாய் பூரணக்காவைப் பார்க்கும். அவவும் நாய்க்கே பதில் சொல்லுவா.

“கூடினாத் தண்ணி ஊத்திக் குடிக்கச் சொல்லு.”

நாய்தான் பாவம். வைகாசி முடிய அது மெலிந்துவிடும்.

பக்கத்து வீட்டில் கணவதியர். தென்சேரி. இருவரின் வயலும் ஒரே வட்டையில், ஒரு வரம்புதான் இடையில். சிறு வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். ஒருவரையொருவர் ஏசாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

நானும் தென்சேரிதான். நெல் குத்தும் மில்லில் மூட்டை தூக்குகிறவன். அதனால் வடசேரியாருக்கு முழங்கால் ஏலாமல் போனதும் அவரைத் தூக்குகிற வேலை எனக்கு வந்தது.

முழங்கால்களுக்கும் அவர் சேரி பிரித்து வைத்திருந்தார். வலது வடசேரி. இடது தென்சேரி. நோவென்றால் இடதுதான் நோகிறது என்பார். நொண்டுவது வலது காலாக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் இரண்டு முழங்காலையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது முழங்கால் தேய்ந்து முடிந்துவிட்டது, கொழும்புக்குப் போய் மாற்ற வேண்டும் என்றார் டொக்டர்.

“ஐயா, படத்த மாறிப் பிடிச்சிரிக்கிறியள்” என்றார் வடசேரியார்.

டொக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். எப்படித் திருப்பினாலும் வலதுதான். வாசலில் நின்ற கணவதியருக்கு அது போதும். நாங்கள் வீடு வந்து சேருமுன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

“வடசேரி முறிஞ்சிட்டு.”

கொழும்புக்குப் போக ஆள் சேர்ந்தது. தூக்குவதற்கு நான். சிங்களம் பேச ஹனிபா காக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம்; அவர் காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருந்தவர். எந்தச் சேரியும் இல்லாதவர். அதனால் எங்கள் வழக்கெல்லாம் தீர்ப்புக்கு அவரிடம்தான் போகும். அவருடைய வான் வந்து நின்றது. ஏறிப் பார்த்தால் உள்ளே கணவதியர்.

“இவன் ஏன் வாறான்?” என்றார் வடசேரியார்.

“உன்ட கொம்பு கழருறதக் கண்ணால பாக்க.”

வாழைச்சேனை தாண்டி ஒரு சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சின்னப் பெடியன், ஆமி, எக்ஸ்ரே உறையைப் பிரித்தான். படத்தை வெயிலில் பிடித்தான். கறுப்பில் வெள்ளையாக ஏதோ இரண்டு நீளமாக ஓடுகிறது. அவனுக்கு அது வரைபடம் போலத் தெரிந்திருக்க வேண்டும். அரைகுறைத் தமிழில் கேட்டான்.

“இது எங்க?”

வடசேரியார் விரலை வைத்துக் காட்டினார்.

“இது வடசேரி. அது தென்சேரி.”

“வடசேரி எங்க இரிக்கி? அங்க ஆர் இரிக்கிறது?”

“முந்தி நல்ல பலமா இருந்தது தம்பி. இப்ப அடியோட போயிட்டு.”

துவக்கு எங்கள் பக்கம் திரும்பியது. “அல்லாவுக்காக வாய மூடுங்க” என்றார் ஹனிபா காக்கா. பிறகு சிங்களத்தில் விளக்கினார். அவர் வியர்த்த வியர்வையில் ஒரு வேட்டி நனைந்திருக்கும். கடைசியில் ஆமியில் பெரியவன் ஒருவன் வந்தான். படத்தைப் பார்த்தான். வடசேரியாரின் சாரத்தை முழங்கால் மட்டும் உயர்த்தச் சொன்னான். வீக்கத்தைப் பார்த்தான். தன் முழங்காலை ஒருமுறை தடவிவிட்டு, எந்த டொக்டர் என்று மெதுவாகக் கேட்டான்.

வான் கிளம்பியதும் கணவதியர் சொன்னார். “உன்ட சேரியால எங்க எல்லாரையும் சுட்டிருப்பாங்கள்.”

“சுட்டாலும் வடசேரி தோக்காது.”

ஒப்பரேசன் நடந்த அன்று கணவதியர் வெற்றிலை போடவில்லை. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தோம். கையில் வைத்தபடி ஆறவிட்டார். வெளியே கொண்டுவந்தபோது வடசேரியாருக்கு மயக்கம் சரியாகத் தெளியவில்லை. ஆனால் வாய் முணுமுணுத்தது. குனிந்து கேட்டோம். தென்சேரிக்கான வசைப்பாட்டு. ஒரு அடி பிசகவில்லை.

“ஆள் தப்பிட்டான்” என்றார் கணவதியர். அதற்குப் பிறகுதான் வெற்றிலை போட்டார்.

முழங்காலுக்குள் வைத்தது இரும்பு மாதிரி ஒரு சாமான் என்று தாதி சொன்னா. வடசேரியாரின் முகம் விளக்கு ஏற்றியது போலாயிற்று.

“இரும்புக் கொம்பு. இனி முறிக்க ஒருத்தனும் இல்ல.”

“இரும்பு விளையாட்டில இல்ல” என்றார் கணவதியர். “காக்கா, தீர்ப்புச் சொல்லுங்க.”

“ஆஸ்பத்திரியில தீர்ப்பு இல்ல. கஞ்சியக் குடிக்கச் சொல்லுங்க.”

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒன்றைச் சொன்னார். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது கதிரையில் காலைத் தொங்கவிட்டு இருக்கிறவனுடையது போல முழங்கால் மடங்க வேண்டும். நாளும் மடக்க வேண்டும். நோகும். நோகுது என்று விட்டால் அப்படியே இறுகிவிடும். பிறகு சைக்கிள் மிதிக்க ஏலாது. வயலுக்குள் இறங்க ஏலாது. சாகும்வரை கால் உலக்கைதான்.

வடசேரியாருக்கு வயலும் சைக்கிளும் போனால் பிறகு என்ன மிச்சம். அது எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஊர் வந்து சேர்ந்தோம். முதல் நாள் பூரணக்கா மடக்கிப் பார்த்தா. நோகுது என்றார். இரண்டாம் நாள் நான் மடக்கினேன். என் அப்பனிலிருந்து தொடங்கி ஏசினார். பிறகு கணவதியர்தான் வழி கண்டுபிடித்தார். அவரைக் கட்டில் விளிம்பில் இருத்தி, கணுக்காலில் குளித்துத் துடைக்கிற துவாய் இரண்டைக் கட்டினார். ஒன்று முன்னுக்கு இழுக்க. ஒன்று கட்டிலுக்குக் கீழே இழுக்க.

“வடம் கட்டியாச்சு. மடங்கினாத் தென்சேரி வெற்றி. நேரா நிண்டா வடசேரி வெற்றி. வாறியா?”

“வாடா” என்றார் வடசேரியார்.

பின்னேரமானால் அவருடைய வீட்டில் ஆள் கூடும். முன் துவாயில் வடசேரிக்காரர். பின் துவாயில் நாங்கள். இழுப்பது கொஞ்சம், கத்துவது கூட. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஊரில் கொம்பு நடக்கிறது. எல்லாருக்கும் சந்தோசம். கால் மட்டும் மடங்கவில்லை. விறைத்த கட்டையாக முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. அவர் முகம் நீலம்பாரிக்கும். பல்லைக் கடிப்பார். விடமாட்டார்.

கிளினிக் நாள் கிட்ட வந்தது. பூரணக்கா அடுப்படியில் இருந்து மூக்கை உறிஞ்சுவது கேட்கும்.

அப்படி ஒரு பின்னேரம் கத்திக்கொண்டிருந்தபோது வாசலில் ஆமி. ரோந்து போனவர்களுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. உள்ளே வந்தார்கள். கையை உயர்த்தச் சொன்னார்கள். வடசேரி, தென்சேரி எல்லாரும் கையை உயர்த்தினோம். இரண்டு துவாயும் விழுந்தன. பிடிப்பதற்கு ஆளில்லாமல் காலும் விழுந்தது.

வடசேரியார் போட்ட கூச்சலில் வாவியில் மீன் கலைந்திருக்கும். ஆமிக்காரன் ஒருவன் பின்னால் பாய்ந்து ஆட்டுக்கல்லில் இருந்தான். அன்றைக்கு ஆட்டம் பார்க்க வந்திருந்த ஹனிபா காக்கா கையை உயர்த்தியபடியே சிங்களத்தில் காலைப் பற்றி எல்லாம் சொன்னார். அவர்கள் காலைப் பார்த்தார்கள். துவாயைப் பார்த்தார்கள். இவ்வளவு ஆளையும் பார்த்தார்கள். போய்விட்டார்கள். படலைக்கு வெளியே சிரித்தது கேட்டது.

நாங்கள் காலைப் பார்த்தோம். பாதம் கீழே தொங்கியது. முழங்கால் பாதிக்கு மேல் மடங்கியிருந்தது.

“அது கணக்கில்ல” என்றார் வடசேரியார். “ஆமி இழுத்தது.” நெற்றியில் வியர்வை ஓட ஓடக் காலைத் திரும்ப நீட்டிக்கொண்டார்.

ஹனிபா காக்கா தலையில் கையை வைத்தார்.

“முழங்காலுக்கு ஒரு வருத்தமும் இல்ல. இவர் மடக்காமப் பிடிக்கிறார். மடங்கினாத் தென்சேரி எண்டு ஆர் வெச்சது?”

எல்லாரும் கணவதியரைப் பார்த்தோம். இவ்வளவு நாளும் இவ்வளவு பேர் நின்று இழுத்தோம். ஒருவருக்கும் இது படவில்லை. கொம்பு இழுக்கிற சந்தோசத்தில் காலை மறந்துவிட்டோம்.

“சரி, மாத்தி வைப்பம்” என்றேன். “மடங்கினா வடசேரி.”

“ஆட்டத்துக்கு நடுவில மாத்த ஏலா” என்றார் வடசேரியார். “ஒரு பக்கம் தோத்தாத்தான் மறு ஆட்டம். அம்மன்ட விளையாட்டு இது. உன்ட மில் கணக்கில்ல.”

அவர் தோற்கமாட்டார். தோற்பதைவிட உலக்கைக் காலோடு போய்ச் சேருவார். அது அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கியது. கணவதியர் எழுந்து போனார்.

அடுத்த நாள் காலை வந்தார். தலை முழுகி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கோயிலுக்குப் போகிறார் என்று நினைத்தேன். கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார்.

“தென்சேரி தோத்திட்டு” என்றார்.

அடுப்படியில் இருந்து பூரணக்கா வந்தா. “என்ன கதை அண்ணன் இது? நம்மட கொம்பு எப்ப முறிஞ்ச?”

“நீ சும்மா இரு தங்கச்சி.”

வடசேரியார் அவரையே பார்த்தார். “என்னடா சொன்னாய்?”

“தோத்திட்டம் எண்டன். நான் தோத்திட்டன். போதுமா? பாட்டைப் படி. கேக்கிறன்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தார். கணவதியர் அப்படித் தலை குனிந்து நான் கண்டதில்லை. அவருடைய அப்பரும் குனிந்ததில்லை என்று சொல்லுவார்கள். என் சேரி தோற்று நிற்கிறது. எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

பாட்டு வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். வரவில்லை.

“பாட்டு மறந்திட்டு” என்றார் வடசேரியார்.

மயக்கத்தில் கிடந்தும் படித்த மனிசன்.

பிறகு அவர் கணவதியரைக் கிட்டக் கூப்பிட்டார்.

“இனி மடங்கினா ஆர்?”

“நீதான்.”

“பேச்சு மாறமாட்டியே?”

“நான் தென்சேரி. மாறமாட்டன்.”

“அப்ப இரி கீழ.”

கணவதியர் வெள்ளை வேட்டியோடு நிலத்தில் இருந்தார். குதிகாலை இரண்டு கையிலும் ஏந்தினார். துவாய் கட்டவில்லை. வடசேரியார் கண்ணை மூடினார். கால் கொஞ்சம் இறங்கியது. நின்றது. கணவதியர் அவசரப்படுத்தவில்லை. திரும்பவும் கொஞ்சம் இறங்கியது. வடசேரியாரின் கன்னத்தால் தண்ணீர் ஓடியது. வியர்வை என்று வைத்துக்கொள்வோம்.

“நோகுதா மச்சான்?”

“வெல்லுறவனுக்கு நோகாது. கதைக்காமப் பிடி.”

ஒரே நாளில் முடியவில்லை. நாளும் காலையில் கணவதியர் வந்து நிலத்தில் இருப்பார். நாளும் வடசேரி வெல்லும். ஹனிபா காக்கா வரும்போதெல்லாம் கோடாலித் தைலம் கொண்டுவந்து, தானே தேய்த்துவிட்டுப் போவார். கிளினிக்கில் டொக்டர் மடக்கிப் பார்த்தார். ஆர் உங்களுக்கு எக்சசைஸ் செய்வித்தது என்று கேட்டார்.

வடசேரியார் கணவதியரைக் காட்டினார். “இவன்தான். தோத்த ஆள்.”

டொக்டருக்கு விளங்கவில்லை. கணவதியர் சிரித்துக்கொண்டு நின்றார்.

கதிர் முற்றுகிற நேரம் வடசேரியார் சைக்கிளை வெளியே எடுத்தார். பூரணக்கா வேண்டாம் என்றா. நாய்க்குச் சொல்லவில்லை, அவருக்கு நேரே சொன்னா. அவர் கேட்கவில்லை. ஏறினார். வலது கால் மேலே வந்தது. மடங்கியது. மிதித்தது.

கணவதியர் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். அவருக்கும் வயது ஏறியிருந்தது. இளைத்தது.

“விடுடா. நான் விழமாட்டன்.”

“விட்டிட்டன்.”

விடவில்லை.

இரண்டு பேரும் வயல் வட்டைப் பக்கம் திரும்பினார்கள். நானும் பின்னால் நடந்தேன். மில் தொடங்குகிற சத்தம் கேட்டது. நான் வேலைக்குத் திரும்பவில்லை.