பெஞ்சு டாக்டர்

டாக்டர்களில் இரண்டு வகை உண்டு. உள்ளே அறையில் இருப்பவர் படித்துத் தெரிந்துகொண்டவர். வெளியே பெஞ்சில் இருப்பவர் பட்டுத் தெரிந்துகொண்டவர். முதலாமவரிடம் ஐந்து நிமிஷத்தில் தப்பித்துவிடலாம். இரண்டாமவரிடம்?

ராயபுரம் எத்திராஜைப் பாருங்கள். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவர். தொங்கிக் கிடந்த கண் இமையை 1950-ஆம் வருஷம் கத்தி வைத்துத் தூக்கிக்கொண்டவர். அன்றிலிருந்து மூன்று வருஷமாக, ஆபரேஷன் நாளான புதன்கிழமைதோறும் அந்தக் கண் டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில், இடது தோள் சுவரில் ஒட்டியிருக்க, தலைத்துண்டை இடது கன்னம் வரை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஊசி எங்கே குத்துவார்கள், தையல் எத்தனை, கட்டு எப்போது அவிழ்ப்பார்கள், வீக்கம் எத்தனை நாளில் வடியும், அதுவரை கருவாடு தின்னலாமா கூடாதா என்று கேட்டவருக்கு ஒரு தடவையும் கேட்காதவருக்கு இரண்டு தடவையும் சொல்லிவிட்டுத்தான் பீடி பற்றவைப்பார். கட்டணம் கிடையாது. காது கொடுத்தால் போதும்.

அன்று அகப்பட்டவள் திருவொற்றியூர்க் குப்பத்து முத்தம்மா. மீன் விற்கிறவள். மூத்த மகள் கல்யாணப் போட்டோவில் இவள் மட்டும் தூங்குகிறாள்; சம்பந்தி வீட்டார் அதைக் கூடத்தில் மாட்டிவைத்துச் சிரிக்கிறார்கள். தையில் இளையவளுக்குக் கல்யாணம். அதற்குள் தொங்கும் இமையைத் தூக்கியாக வேண்டும். ஆனால் வாசலுக்கு வந்தவள் உள்ளே போகாமல் மீன் கூடையோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாம்மே, பயமா கீதா? எறும்பு கடிச்சாப்ல ஒரு ஊசி. அப்பால மரத்துப்பூடும். நான் பாட்டுப் பாடிக்கினே படுத்துகினு இருந்தேன்!"

"மெய்யாலுமா நைனா? வலிக்கவே இல்லியா?"

"வலியா? எனக்கா?"

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீனை நம்பாத வாடிக்கைக்காரர்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவள் முத்தம்மா. சட்டென்று கை நீட்டித் துண்டைத் தூக்கினாள். இடது இமை பழையபடியே பாதிக் கண்ணை மூடித் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது இன்னா நைனா?"

எடுத்த பீடியை எத்திராஜ் பற்றவைக்காமலே காதில் செருகிக்கொண்டார். "ஒரு கண்ணு முடிஞ்சிச்சும்மே. ரெண்டாவதுக்கு ஊசி எடுத்தாரு. எகிறிக் குதிச்சு ஓடியாந்துட்டேன்."

பாவம் மனுஷன். ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தக் கண்ணை முடித்துக்கொள்ளத்தான் வீட்டிலிருந்து கிளம்புகிறார். பெஞ்சில் யாராவது பயந்தவர் அகப்பட்டுவிடுவார். அவருக்குத் தைரியம் சொல்வதில் இவருடைய முறை தாண்டிப்போய்விடும்.

"அடுத்தது யாரு?" என்றார் கம்பவுண்டர்.

"இவருதான்!" என்றாள் முத்தம்மா. "போ நைனா. பாடிக்கினே படு. பாட்டு இங்க கேட்டிச்சின்னா நானும் வரேன். கேக்கலேன்னா கூடையைத் தூக்கிகினு வூட்டுக்குப் போயிடுவேன்."

முத்தம்மாவின் அடுத்த கல்யாணப் போட்டோ இப்போது எத்திராஜின் பாட்டை நம்பி இருந்தது. எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் சத்தமே இல்லை. முத்தம்மா கூடையின் மேல் கை வைத்தாள். அப்போது கதவுக்குள்ளிருந்து நடுங்கி, சுதி விலகி, அழுகையா பாட்டா என்று தெரியாமல் ஒரு குரல் வந்தது. கூடையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, முத்தம்மா சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் எதிர்வீட்டுக்காரருக்கு, பல் பிடுங்குவதெல்லாம் ஒரு விஷயமா என்று ஒரு மணி நேரம் தைரியம் சொன்னீர்களே, உங்கள் சொத்தைப் பல் இன்னும் வாயில்தானே இருக்கிறது?