சர்க்கரை டப்பாவில் அசிடேட்

பல்பு எரியவில்லை. தெசாங்கா பேட்டரியைத் தட்டிப் பார்த்தாள். அப்போதும் எரியவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த ஆய்வாளர் வுக்கோசாவா பேனாவைத் திறந்தார்.

ஊரின் இரண்டு பள்ளிகளையும் இணைக்கப் போகிறார்கள். வேதியியலுக்கு இனி ஒரே ஆசிரியர். அது தெசாங்காவா, இல்லையா என்பது இன்றைய பாடத்தைப் பொறுத்தது.

பாடம் என்னவோ சுலபம்தான். கார்பன் சேர்மம் என்றாலே சகப்பிணைப்பு என்று பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். சர்க்கரைக்கு அது சரி. அதன் கரைசலில் மின்சாரம் பாயாது, பல்பு எரியாது. சோடியம் அசிடேட்டிலும் கார்பன் உண்டு, ஆனால் கூடவே அயனிப் பிணைப்பும் உண்டு. அதன் கரைசலில் எரிந்தாக வேண்டும்.

கோளாறு காபியில் ஆரம்பித்தது. ஆய்வகத்தின் பின்னறையில் அவள் காபி போடுவாள். ஒரு நாள் காலை, இயற்பியல் வாத்தியார் ரதோமிர் அவளுடைய சர்க்கரை டப்பாவைத் திறந்து, கையில் கரண்டியோடு நின்றான். அவளைக் கண்டதும் மூடிவிட்டு நழுவினான்.

அவள் டப்பாவில் பென்சிலால் கோடு போட்டாள். மறுநாள் சர்க்கரை கோட்டில் நிற்கவில்லை. அவளுக்கு அது போதும்.

"பார்த்தியா ருமேனா, படிச்ச திருடன்" என்றாள். பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் ருமேனா குனிந்து இன்னும் வேகமாகக் கூட்டினாள்.

சர்க்கரையை அசிடேட் பாட்டிலுக்கு மாற்றினாள். பாட்டிலில் மிச்சமிருந்த கொஞ்சம் அசிடேட்டைச் சர்க்கரை டப்பாவில் போட்டாள். தின்றால் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும். ரதோமிரின் மூஞ்சியோ கோணவே இல்லை. பலே ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று அந்த டப்பாவிலிருந்துதான் அசிடேட் எடுத்தாள். பேட்டரியை மாற்றினாள். கம்பியைச் சுரண்டினாள். இன்னொரு கரண்டி போட்டாள். இருட்டுதான். கடைசியில் விரலால் தொட்டு நக்கினாள். தித்தித்தது.

ஆய்வகத்தில் ஆசிரியையே மருந்தை நக்கியதை வுக்கோசாவா எழுதிக்கொண்டார்.

திருடன் தடயத்தை மறைக்கப் பண்டத்தையே மாற்றிவிட்டான். தெசாங்கா பக்கத்து வகுப்புக்குப் பாய்ந்து, ரதோமிரைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"என் வேலைக்கே உலை வெக்கப் பாக்கறான் இவன். சர்க்கரைத் திருடன்."

ரதோமிர் காது சிவக்க நின்றான். பிள்ளைகள் கைபேசியை எடுத்தார்கள்.

"பாடம் முடிஞ்சுதா, இல்ல விசாரணையும் உண்டா?" என்றார் வுக்கோசாவா.

வாசலில் வாளியோடு நின்ற ருமேனாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவரு சர்க்கரையே போட்டுக்க மாட்டாரு டீச்சர். அது தீர்ந்துபோற அன்னிக்கு நீங்க எங்களப் படுத்தற பாடு தாங்காம, தெனம் வீட்லேருந்து கொண்டாந்து டப்பாவுல கொட்டறாரு."