கெப்பாலா பத்தாஸ் முதலை

வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து சோறு உண்டு கை கழுவுவதற்குள், தன் மனைவி ஜன்னத்தை விஞ்ஞான முறைப்படி தோற்கடித்துவிடுவது என்று ஷேக் அலாவுதீன் திங்கட்கிழமை காலையிலேயே முடிவு செய்துவிட்டார். பதினேழு வருஷத் தாம்பத்தியத்தில் அஞ்ஞான முறைகள் அத்தனையையும் அவர் முயன்று பார்த்தாகிவிட்டது.

விஞ்ஞானம் அவருக்குக் கப்பலில் வந்தது. சீமையில் ஒரு சர்வகலாசாலை தபால் மூலம் நடத்திய ‘சமூக மனத்தத்துவம்: ஆரம்பப் பாடங்கள்’. மாதம் ஒரு பாடம். பகலில் பினாங்கு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா; சாயங்காலம் சூலியா தெரு வீட்டில் மாணவர். கோட்டுப் போடாமல் பாடத்தைத் தொடமாட்டார். இங்கிலீஷில் ஒரு வரி உரக்கப் படிப்பார். அதையே தமிழில் ஒரு முறை முழங்குவார். எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் ஜன்னத்தான் சபை.

“மனுசன் தனியா இருந்தா ஒரு புத்தி. கூட்டத்துல உக்காந்தா வேற புத்தி. புரிஞ்சுதா?”

“எனக்கென்ன மச்சான் புரியும்? அந்த அரிவாமணையை இப்படித் தள்ளுங்க.”

நான்காம் பாடம் வந்த அன்று அவர் குரல் இன்னும் ஓங்கிவிட்டது. ஒரு தனியாளோடு மூன்று பேரை உட்கார வை. மூன்று பேரும் ஒரே சங்கதியைச் சொல்லட்டும். தனியாள் தனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு அவர்கள் சொல்வதையே சொல்வான். இதை நீயே செய்து பார்த்து அறிக்கை அனுப்பு. அவ்வளவையும் தமிழில் முழங்கினார். வெங்காயம் உரிந்துகொண்டே இருந்தது.

பாடம் வந்த வேளையும் பொருத்தமான வேளை. ஆபீசில் அவருக்கு உத்தியோக உயர்வு கிடைத்திருந்தது. அக்கரையில், கெப்பாலா பத்தாஸில், தலைமைக் குமாஸ்தா. பதில் சொல்ல சனிக்கிழமை கெடு. ஜன்னத் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

“நான் வரல.”

“கைப்பிடி வெச்ச நாற்காலி, ஜன்னத்! பதினேழு வருசமா முக்காலியில உக்காந்திருக்கேன்!”

“உங்க ரெண்டு கையை வைக்க இடம் கிடைச்சுது. என் பதினாலு பேரை எங்கே வைக்க?”

பதினாலு பேர் என்பது தினம் பிற்பகல் அசர் தொழுகை நேரத்தில் முன் கூடத்தில் வந்து குந்தும் தெருச் சிறுமிகள். அவர்களுக்கு ஜன்னத்தான் ஓதிக் கொடுக்கிறாள். தெருவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க வேறு ஆள் கிடையாது. அலிஃப் எழுத்தில் ஆரம்பித்துப் பாதி குர்ஆன் வந்திருந்தது. பாதியில் விட்டுப் போக அவள் தயாராக இல்லை. அலாவுதீனுக்கோ அந்தச் சிறுமிகள் வாசலில் தடுக்கிவிடும் பதினாலு ஜோடிச் செருப்பு. எந்த ஜோடி யார் வீட்டுப் பிள்ளையுடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை தேத்தண்ணிக் கடையில் ஒத்திகை. மூன்று சிநேகிதர்கள். ஜவுளிக்கடை ஹனீபா, துணி கிழிவது போலக் குரல். அத்தர் விற்கும் சீனி முகம்மது. எதையும் காதோடு வந்து சொல்வார். படகுக்கார அப்துல் காதர். ஒரு நாளைக்கு இரண்டு வார்த்தைதான்.

“நாளைக்கு ஜும்மா முடிஞ்சு நம்ம வீட்டுல சாப்பாடு. திரைக்கு அந்தப் பக்கம் ஜன்னத் கேட்டுக்கிட்டு இருப்பா. ‘கெப்பாலா பத்தாஸ் எப்படி?’ன்னு நான் கேப்பேன். ஹனீபா பாய், நீங்க?”

“காத்துன்னா அந்த ஊர்க் காத்துதான் பாய்!”

“அப்படித்தான்! சீனி பாய்?”

“பாசார்ல மீனு... துள்ளுது பாய்... துள்ளுது...”

“கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க லா, திரையைத் தாண்டணும். காதர் பாய்?”

“நல்ல ஊரு.”

“போதும். ரெண்டு வார்த்தையும் ஆயிடுச்சு.”

வெள்ளிக்கிழமை. நெய்ச்சோற்றை மலையாகக் குவித்த சஹன், அதைச் சுற்றி நான்கு பேர், ஒரே தட்டில் நான்கு கை. இறைச்சி ஆணம் மணத்தது. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. தனியாள் தயார் என்று அலாவுதீன் கணக்குப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“ஆமா, இந்தக் கெப்பாலா பத்தாஸ் எப்படி பாய்?”

ஹனீபா சோற்றையே பார்த்தார். “கொசு, பாய்.”

அலாவுதீன் கை பாதியில் நின்றது. “என்னது?”

“கொசுன்னா அந்த ஊர்க் கொசுதான். ஜமுக்காளத்தைப் போத்தினாலும் கடிக்கும்.”

அலாவுதீன் சீனி முகம்மதுவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், புருவத்தை ஏற்றினார், வாயால் மீன் மாதிரி துள்ளிக்கூடக் காட்டினார்.

சீனி முகம்மது காதோடு வந்தார். “கொசு பாய்... பகல்லயே... ரத்தம்...”

“காதர் பாய்! நீங்க படகுல போறவரு. நீங்க சொல்லுங்க!”

அப்துல் காதர் யோசித்தார். “பெரிய கொசு.”

திரைக்குப் பின்னாலிருந்து பாலில் தேன் கலந்த மாதிரி ஒரு குரல் வந்தது. “நீங்களும் போன மாசம் போய்ப் பாத்துட்டு வந்தீங்களே மச்சான். நீங்க என்ன சொல்றீங்க?”

போன மாதம் அவர் போனது உண்மை. கொசு ஒன்றுகூடக் கடிக்காததும் உண்மை. ‘காற்று’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆறு கண்கள் அவரையே பார்த்தன. நான்காவது கை மட்டும் சஹனுக்கு வெளியே அந்தரத்தில் தொங்கியது. அந்த நேரத்தில் அவர் வாய் அவரைக் கேட்காமல் பேச ஆரம்பித்தது.

“கொசுதான். ஆமா. கொசு... கொசு மட்டுமா? முதலை! முதலைகூட இருக்கு!”

“யா அல்லா!” என்றது திரை.

“ரெண்டு,” என்றார் அலாவுதீன். ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஹனீபா பரிதாபப்பட்டு, சஹனில் இருந்த ஒரே நல்லி எலும்பை அவர் பக்கம் தள்ளி வைத்தார். தேத்தண்ணியும் குடித்து எழுவதற்குள் அசர் நேரமாகி, சிறுமிகளும் ஓத வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஹனீபா வாயிலிருந்து உண்மையும் வெளியே வந்தது.

“மன்னிச்சுக்குங்க பாய். உங்க வீட்டம்மா நேத்தே எங்க மூணு வீட்டுக்கும் வந்து பொம்பளைங்ககிட்டப் பேசிட்டுப் போயிட்டாங்க. என் புள்ளைங்க ரெண்டு, சீனி வீட்டுல மூணு, காதர் வீட்டுல ஒண்ணு, எல்லாம் இங்கதான் ஓதுது. அவங்க போயிட்டா யாரு ஓதிக் குடுப்பா? ‘நாளைக்குக் காத்துன்னு சொல்லிட்டு வந்தா, ராத்திரிக்குக் காத்தையே தின்னுங்க’ன்னுட்டா என் வீட்டுக்காரி.”

அலாவுதீன் வாசலில் கிடந்த செருப்புகளை முதல் தடவையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதில் ஆறு ஜோடி அவருடைய மூன்று சாட்சிகள் வீட்டுடையது. உள்ளே ஜன்னத் வரி சொல்ல, பதினாலு குரலும் ஒன்றாக ஓதுவது கேட்டது. ஒரு குரல்கூடப் பிசகவில்லை. கூட்டத்தை ஒரே குரலில் பேச வைப்பது எப்படி என்று இவளுக்குச் சீமையிலிருந்து யாரும் பாடம் அனுப்பவில்லையே என்று அவருக்குத் தோன்றியது. கோபப்பட நினைத்தார். வந்தது மரியாதைதான்.

அன்று மாலையே அறிக்கை எழுதினார். ‘தனியாள்: ஆண், வயது நாற்பது, படித்தவர். மூன்று நிமிஷத்தில் வீழ்ந்தார். பாடம் முற்றிலும் உண்மை.’ ‘பரிசோதனையை நடத்தியவர்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதி அடித்தார். பிறகு மணி மணியான எழுத்தில் ஜன்னத்தின் பெயரை எழுதினார்.

மறுநாள் ஆபீசுக்குப் போனார். எப்படியாவது நாற்காலியைக் காப்பாற்றிவிடலாம் என்று ஓரத்தில் ஒரு நப்பாசை. ஆனால் சேதி அவருக்கு முன்னாலேயே ஆபீஸ் போய்ச் சேர்ந்திருந்தது. மேலதிகாரி அவரைக் கண்டதும் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். “குடும்பஸ்தர் நீங்க. உங்களை அங்க அனுப்ப மனசு வரல. வேற ஆளைப் போட்டுட்டேன்,” என்றார். காரணத்தையும் சொன்னார். மத்தியானம் அலாவுதீன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“ஜன்னத்! நல்லவேளை நாம போகல! அங்க நெசமாவே முதலை இருக்காம்! பன்னிரண்டு அடியாம்! பாலத்துக்கிட்ட ஒரு ஆட்டை முழுசா முழுங்கிடுச்சாம். மேலதிகாரியே சொல்றார்!”

ஜன்னத் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கொசு வரைக்கும்தான் மச்சான் நான் சொல்லிக் குடுத்தது. முதலை நீங்க விட்டது.”