எழுதிவிட்டுச் சாப்பிட்ட கண்டக்டர்

உலகத்தில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் ருசி சொல்வார்கள். ருசியை எழுதி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் மாடியில் குடியிருந்த கண்டக்டர் ஒருவர்தான்.

வில்லாபுரத்தில் என் வீட்டு மாடிக்கு வந்தபோது அவர் பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். மனைவி இல்லை. மகன் ஓசூரில். மொட்டைமாடி முழுக்கப் பெயிண்ட் வாளிகளில் கத்திரி, வெண்டை, புடலை என்று வளர்த்தார். காயை அவர் கொண்டு வருவார், நான் சமைப்பேன், இரண்டு வீட்டுக்கும் ஒரே குழம்பு. எது காய்த்தது, எப்படிச் சமைத்தது, எப்படி இருந்தது என்று தினமும் டைரியில் எழுதுவார். நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் என் சமையலைப் பற்றி ஒருவர் எழுதினால் வாசிக்காமல் விடுகிறவளும் இல்லை.

ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். 'பீர்க்கங்காய்த் துவையல். உப்புத் தூக்கல்' என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. பீர்க்கங்காய் அப்போதுதான் சட்டியில் வதங்கிக்கொண்டிருந்தது.

“இன்னும் அரைக்கவே இல்லையே கண்டக்டரே, அதுக்குள்ள எப்படி உப்புக் கூடும்?”

“அடுத்த ஸ்டாப் வர்றதுக்குள்ள கணக்கை எழுதி முடிச்சிரணும்க்கா. சர்வீஸ் பூரா அப்படித்தான்.”

அன்று வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் போட்டேன். ஒரு வாய் வைத்தார். உப்பு ஜாடியை இழுத்து அள்ளிப் போட்டுக்கொண்டார்.

“இது என்ன கூத்து?”

“எழுதிட்டேன்லக்கா. செக்கர் ஏறினா என்ன பதில் சொல்றது?”

இன்னொரு நாள் 'புடலங்காய்க் கூட்டு' என்று எழுதிவிட்டார். மாடியில் இருந்த ஒரே புடலையை அணில் தின்றிருந்தது. மனிதர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு புடலை வாங்கி வந்து, கொடியில் நூலால் கட்டித் தொங்கவிட்டு, பிறகு அதைப் பறித்து என்னிடம் கொடுத்தார். “நம்ம கொடியில பறிச்சதுக்கா” என்று வேறு சொன்னார். எனக்கே அது சரிதானோ என்று தோன்றிவிட்டது.

போகப்போக அவர் டைரி ஒருநாள் முன்னால் ஓடியதால் என் வீட்டில் கிழமையே குழம்பிப்போனது. ஒரு தடவை நான் காலையிலிருந்து பட்டினி கிடக்கிறேன், மருமகள் வந்து, “அத்தை, அமாவாசை நாளைக்கில்ல?” என்கிறாள். டைரியைப் பார்த்து விரதம் இருந்திருக்கிறேன்! மறுநாளும் இருந்தேன்.

ஐப்பசியில் அவர் மகன் வந்தான், கையோடு கூட்டிப்போக. கண்டக்டர் டைரியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி வந்தார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுதிட்டேனேடா!”

“இதெல்லாம் ஒரு காரணமாப்பா?” என்றான் மகன். வெள்ளி வரைக்கும் இருந்து பார்த்தான். அதற்கப்புறம் டைரி வெள்ளையாக இருந்தது. அவருக்கு மேற்கொண்டு எழுதக் கை வரவில்லை. மேலும் எழுதினால் தங்கிவிடலாம் என்று அவருக்குத் தெரியும். மகன் முகத்தைப் பார்த்து எழுதாமல் இருந்தார்.

சனிக்கிழமை பெட்டியோடு இறங்கியவரிடம் டைரியையும் பேனாவையும் பிடுங்கினேன். அந்த வருஷத்து டைரியில் தை மாதம் இல்லை; கடைசி வெற்றுப் பக்கத்தில் தை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்து, ஒவ்வொரு எழுத்தாக நானே எழுதினேன். 'அவரைக்காய்ப் பொரியல். கண்டக்டர் ரெண்டு தரம் சோறு வாங்கினார்.'

அவர் வாசித்தார். மகனைப் பார்த்தார். “என்னடா செய்ய? எழுதிட்டாகளே.”

ஓசூருக்குப் போகுமுன் மாடியில் அவர் நட்டிருந்த அவரைக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். மார்கழியில் பூச்சி விழுந்து பூவெல்லாம் கொட்டிப்போனது. அவர் வருவாரா மாட்டாரா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போனேன்.

பத்து மணிக்கு கேட் சத்தம். பையைக்கூட இறக்காமல் நேராக மாடிக்குப் போனார். கொடியில் அவரைக்காய் நூலில் தொங்கியது. பறித்து வந்து கொடுத்தார். முடிச்சுகளை அவிழ்த்து நூலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டார். இரண்டாம் தரம் சோறு வாங்கினார். பிறகு மறுபடியும் தட்டை நீட்டினார்.

“கண்டக்டரே, ரெண்டு தரம்னுதானே எழுதியிருக்கு? செக்கர் ஏறினா?”

“ஏறட்டும்க்கா,” என்றார். “நீங்க போடுங்க.”