பசி சாரும் பாரம் சாரும்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க வந்த படைகளெல்லாம் மாதக்கணக்கில் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுக் காத்துக் கிடந்தனவாம். எங்கள் பசி சாரை அனுப்பியிருந்தால் காலையில் போய், மத்தியானத்துக்குள் கோட்டையைத் திறக்கவைத்து, உள்ளே இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இந்தப் பூமியில் அவனுக்குத் திறக்காத கதவு கிடையாது. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

எண்பதுகளின் நடுவில் மெட்ராஸிலிருந்து ஓர் உணவு ஆராய்ச்சித் திட்டம் எங்கள் ஊருக்கு வந்தது. சுற்றுவட்டார ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அதில் எவ்வளவு இங்கேயே விளைந்தது, எவ்வளவு கடையில் வாங்கியது, எவ்வளவு வீணாகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். திருவண்ணாமலை ரோட்டில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ஆபீஸ். கேட்டு எழுத இரண்டே பேர், நானும் அவனும். இரண்டு பேருமே தற்காலிகம். திட்டம் முடிந்ததும் ஒருவருக்கு மெட்ராஸில் நிரந்தர வேலை, இன்னொருவருக்கு ஒரு நன்றிக் கடிதம் என்று திட்டத்தின் தலைவியான டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். அவலூர்பேட்டையில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா என் ஜாதகத்தை ஒரு கையிலும் சந்தேகத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, "பர்மனென்ட் ஆவட்டும், பேசலாம்" என்று உட்கார்ந்திருந்தார்.

ஆகவே நான் உயிரைக் கொடுத்து உழைத்தேன். இஸ்திரி போட்ட பேன்ட், சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் கேள்விகள் அச்சடித்த பன்னிரண்டு பக்கப் பாரம். முதல் கேள்வி, 'இன்று சாப்பிட்டீர்களா?' எல்லா வீட்டிலும் "ஆச்சு சார், நீங்க?" என்றார்கள். இரண்டாவது கேள்வி, 'என்ன சாப்பிட்டீர்கள்?' "சோறு, சாம்பாரு, பொரியலு" என்றார்கள். மூன்று மாதத்தில் சோறு, சாம்பார், பொரியல் என்று எழுதி எழுதி என் கையெழுத்து முத்து முத்தாக ஆகிவிட்டது. ஊரில் எனக்குப் பாரம் சார் என்று பெயர்.

அவனோ பாரத்தை மடித்துப் பின்பாக்கெட்டில் சொருகிக்கொள்வான். வாசலில் நின்று ஒரே வார்த்தைதான் சொல்வான்.

"அக்கா, பசிக்குது. இன்னா இருக்குது?"

அவ்வளவுதான். அந்த வீட்டில் என்ன இருக்கிறதோ அது அப்படியே வெளியே வரும். அவன் உடனே சாப்பிடமாட்டான். "ஒரு நிமிஷம்க்கா" என்று ஜோல்னாப் பையிலிருந்து ஒரு கொக்கித் தராசை எடுத்து, தட்டோடு தூக்கி எடை பார்ப்பான். பிறகு சட்டியை எடை போடுவான். சாப்பிட்டு முடித்து, ஒதுக்கிய கறிவேப்பிலையையும் முள்ளையும் எடை போடுவான். வீணானது என்கிற கட்டத்தை நிரப்ப வேண்டுமே! வெறுங்கையோடும் போகமாட்டான். வழியில் வரப்பில் பறித்த பண்ணைக் கீரையை ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் தட்டையே வாங்குவான். மூன்றே வாரத்தில் அவன் பசி சார் ஆகிவிட்டான். அப்பா அம்மா வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

ஆபீஸுக்கு இருந்தது ஒரே சைக்கிள். நான் மிதிப்பேன், அவன் பின்னால் உட்கார்ந்து வருவான். திட்டம் தொடங்கியபோது காற்றாக இருந்தவன், ஆடி மாதம் வந்தபோது ஏற்றத்தில் என்னை இறங்கித் தள்ளவைத்தான். ஒரே வீட்டுக்கு இரண்டு பேரும் தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும் என்பது டாக்டரம்மாவின் ஏற்பாடு. நான் முதலில் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். பிறகு அவன் போவான். நான் எதிரே வேப்பமரத்தடியில் நின்று, உள்ளே என்ன பரிமாறுகிறார்கள் என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பேன்.

செஞ்சியில் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் பாய் வீட்டில் எனக்கு ஒரு டீ கிடைத்தது. அவனுக்கு நெய்ச்சோறும் கறி போட்ட தாளிச்சாவும். திரைக்குப் பின்னாலிருந்து பாயின் சம்சாரம், "இன்னும் ரெண்டு துண்டு வைங்க, புள்ள எளச்சிப் போயிருக்குது" என்றார். யார் இளைத்தது? அவனைச் சுமந்து மிதித்த நான் தெருவில் நிற்கிறேன்!

மேல்சித்தாமூரில் ஒரு நைனார் வீடு. சமணர்கள், பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் யாரும் வாயில் எதையும் வைக்கமாட்டார்கள். இவன் போய்ப் பசிக்கிறது என்றபோது சூரியன் பனைமரத்தின் பாதியில் நின்றது. அந்த அம்மா பதறிப்போய் நான்கு இட்லியை வைத்தார்.

"சீக்கிரம் சாப்புடுப்பா, பொழுது போவுது!"

"ஒரு நிமிஷம்மா, எட பாத்துடறேன்."

"எடைய அப்பறம் பாரு! சூரியன பாரு!"

வீடே வாசலுக்கு வந்து, சூரியனையும் அவன் வாயையும் மாறி மாறிப் பார்த்தது. கடைசி இட்லி தொண்டையில் இறங்கவும் சூரியன் மறையவும் சரியாக இருந்தது. எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். "நாளைக்கு வெயில்லயே வந்துடு" என்று அந்த அம்மா அவனுக்குப் பயத்தம் உருண்டை பிடிப்பதாகச் சொன்னார். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்தேன். தொண்டூர் காலனியில்தான் பொறுமை போயிற்று. அங்கே ஓர் அக்கா என்னிடம் சோறு, சாம்பார், அப்பளம் என்று சொல்லியிருந்தார். கடலைக்காய் பறிக்கிற கூலி வேலை அவருக்கு. அதே நாள், அதே வீட்டில், இவன் கேவுரு கூழும் புளிச்ச கீரையும் வயல் நண்டு ரசமும் எடை போட்டுக்கொண்டிருக்கிறான். நான் நேராக உள்ளே போய்விட்டேன்.

"என்னக்கா, எங்கிட்ட சாம்பாருன்னு சொன்னீங்களே?"

"ஆமா சார், சொன்னேன்."

"இங்க சாம்பாரே இல்லியே!"

"சாப்டியான்னு ஊருல ஆயிரம் பேரு கேக்கறாங்க. ஆச்சுன்னு சொல்றோம். அதுக்கு இன்னா அர்த்தம்? நல்லா இருக்கறேன், நீ போய்ட்டு வான்னு அர்த்தம். நீங்க அதயே கேட்டுட்டு, பேனாவத் தொறந்து வெச்சிக்கினு மொகத்தப் பாத்தா, கூழுன்னா சொல்லுவாங்க? எங்க ஊட்டு அடுப்ப நீங்க எதுக்கு எளக்காரமா எழுதணும்? இவரு பசிக்குதுன்னாரு. பசிக்கறவருகிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

அந்த அக்கா சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மூன்று மாதம் நான் எழுதியதெல்லாம் ஜனங்கள் எனக்குச் சொன்ன வணக்கம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்ததும் நான் திருந்தியிருக்கலாம். நான் செய்தது வேறு.

எங்கள் விதிமுறைப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு: ஆய்வுக்குரிய வீடுகளில் உணவு உட்கொள்ளலாகாது. அந்த வரியைச் சுட்டிக்காட்டி, இடது கையால் எழுதி, மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டேன். பெட்டியில் போட்டதும் ஒரு காராபூந்திப் பொட்டலம் வாங்கித் தின்றேன். ருசிக்கவில்லை.

பத்தாம் நாள் டாக்டரம்மா ஜீப்பில் வந்தார். கூடவே விசாரணைக்கு ஓர் அதிகாரி. எங்களை ஆபீஸில் உட்காரவைத்துவிட்டு, அவர்கள் மட்டும் வீடு வீடாகப் போனார்கள். திரும்பி வந்தபோது அதிகாரியின் முகம் சிவந்திருந்தது.

நடந்தது இதுதான். இவர் இங்கே சாப்பிட்டாரா என்று கேட்டதுமே ஜனங்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பசி சாருக்கு ஆபத்து! உடனே பாய் வீடு, நைனார் வீடு, காலனி எல்லாம் பேசி வைத்த மாதிரி ஒரே பதில்: "அய்யோ, அவரா? பச்சத் தண்ணி கூடக் குடிக்கமாட்டாரு." அப்படியானால் ஏன் பசி சார் என்று பெயர் என்று அதிகாரி மடக்கியிருக்கிறார். தொண்டூர் அக்கா சளைக்கவில்லை. "எதுவும் சாப்டாததாலதான் சார் அவரு பசி சாரு!"

அவனைக் காப்பாற்றுகிறோம் என்று அவன் கழுத்துக்கே கத்தி வைத்துவிட்டார்கள். சாப்பிடவில்லை என்றால் தட்டு ஏது, எடை ஏது? மூன்று மாதப் பாரமும் பொய் என்றாகிவிட்டது.

"எல்லாம் உட்கார்ந்த இடத்துல எழுதின கதை" என்றார் அதிகாரி.

"சத்தியமா சாப்ட்டேன் சார்" என்றான் அவன். எப்போதும் சிரிக்கிற முகம் வெளுத்துப்போயிருந்தது. டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மெட்ராஸ் வேலை எனக்கு. அவலூர்பேட்டைப் பெண் எனக்கு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அதிகாரி ஒரு பாரத்தைத் தூக்கிப் பிடித்து, "நண்டு ரசமாம்! யார் காதுல பூ சுத்தறது?" என்று சிரித்தார்.

என்னால் தாங்கமுடியவில்லை. "நெஜம் சார்! ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சான்!"

எழுந்து நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. எந்த வீட்டில், எந்தக் கிழமை, என்ன, எத்தனை கரண்டி, மறுபடி எத்தனை, பாய் வீட்டில் எத்தனை துண்டு, உருண்டை எத்தனை என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். டாக்டரம்மா ஒவ்வொரு பாரமாகப் புரட்டிச் சரிபார்த்தார். ஒரு கரண்டிகூடத் தவறவில்லை. என் கண்ணீரும் நடுவே வந்துவிட்டது. அது துக்கமா பொறாமையா என்று இன்றுவரை தெரியாது.

"உங்களுக்கு எப்படி இவ்வளவு ஞாபகம்?" என்றார் டாக்டரம்மா.

"வயித்தெரிச்சல் மேடம்" என்றேன்.

வீடுகளில் சாப்பிட்டதற்கு அவனுக்கு ஒரு மெமோ. அவன் பாரங்கள் அத்தனையும் மெட்ராஸுக்குப் போயின. என் பாரங்களை டாக்டரம்மா திருப்பிக் கொடுத்து, இதில் தேதி மட்டும் சரியாக இருக்கிறது என்றார். நிரந்தர வேலை அவனுக்கு, நன்றிக் கடிதம் எனக்கு. அவலூர்பேட்டைப் பெண் ஒரு பாங்க் கிளார்க்கைக் கட்டிக்கொண்டாள்.

மெட்ராஸ் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீ இல்லன்னா என் கத கந்தல்டா. எந்தப் படுபாவி எழுதிப் போட்டானோ, நீ எழுந்து நின்னே பாரு..." "ஏறுடா, பஸ் கெளம்புது" என்றேன். அவன் பெட்டியைத் தூக்கிப் படியில் வைத்தேன்.

டேய் பசி, நீ எந்த ஊரில் இருந்தாலும் சரி, இது உன் கண்ணில் பட்டால் கேள். அந்தப் படுபாவி நான்தான். இத்தனை வருஷம் மொட்டையாகக் கிடந்த கடுதாசிக்கு இதோ கையெழுத்துப் போட்டுவிட்டேன். திட்டுவதென்றால் நேரிலேயே வந்து திட்டு. உன்னைப் பார்த்து ரொம்ப நாளாகிறதுடா.