எனக்கு நானே போட்ட ஒப்பாரி

உயிரோடு இருக்கும்போதே தன் சாவுக்கு ஒப்பாரி பாட வைத்து, அதைக் கேசட்டில் பதிந்து, குழாய் ரேடியோ என்கிற ஒலிபெருக்கியில் போட்டு, மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குக் கேட்கவும் செய்த ஆள் தமிழ்நாட்டில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். சேர்ந்து ஒரு டீ குடிக்கலாம். எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குச் சங்கீதத்தில் காது கிடையாது. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கு என்னை மட்டும் வாயசைக்கச் சொல்லியிருந்தார்கள். இப்படிப்பட்டவர்கள்தான் சங்கீதத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கிளம்புகிறார்கள். (பாடத் தெரிந்தவன் பாடிவிட்டுப் போய்விடுவானே!)

தொண்ணூறுகளின் பின்பாதி. கோவில்பட்டியில் ஒரு டுடோரியலில், பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவர்களுக்கு இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறு நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போவேன். அந்தச் சமயத்தில் நூலகத்தில் உலக இசை பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. நாலு தடவை படித்தேன். ஐந்தாம் தடவை எனக்கென்று ஒரு தத்துவம் பிறந்துவிட்டது.

கல்யாணப் பாட்டு நாட்டுக்கு நாடு மாறும். அழுகைப் பாட்டு மாறாது. இதுதான் தத்துவம். அயர்லாந்துப் பெண்கள் பிணத்தைச் சுற்றி நின்று அழுத பாட்டு, அமெரிக்கப் பருத்திக் காட்டில் அடிமைகளாகக் கிடந்த கறுப்பு மக்களின் பாட்டு, எங்கள் கரிசல் காட்டு ஒப்பாரி என எல்லாமே உச்சியில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, கடைசிச் சொல் மூச்சில் கரைந்து முடிகிறது. நாலைந்து சுரத்துக்கு மேல் தேவைப்படுவதில்லை. பழைய ஐரோப்பிய தேவாலயப் பாட்டுதான் வேறு ஜாதி. எழுதி வைத்த பாட்டு அது. ராஜா செத்தாலும் அதுதான், வண்ணான் செத்தாலும் அதுதான். செத்தவன் பேர் அதில் வராது. நம்முடையதில் பேர் இல்லாமல் பாட்டே கிடையாது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நானே எழுதினேன். எழுதியவன் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் இதை ஒலிநாடா உதாரணங்களோடு பேசுவது என்று முடிவு செய்தேன். அந்த ஞாயிறு விழா. அடுத்து வரும் வெள்ளி எனக்கு நிச்சயதார்த்தம். பெண் செண்பகம், கிழக்கே மூன்று கிலோமீட்டரில் இருந்த ஊர். அதற்கு முன்னால் ஐந்து வீடுகளில் 'டுடோரியல்' என்று கேட்டதுமே காபியோடு அனுப்பி வைத்திருந்தார்கள். செண்பகம் வீட்டில் மட்டும்தான் இரண்டாம் தடவை முறுக்கு வைத்தார்கள். எனக்கும் அந்தப் பெண்ணை விட மனசில்லை.

"ஏலே, வெள்ளிக்கெழம முடியிற வரைக்கும் அடக்க ஒடுக்கமா இரு. இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா அந்தக் கேசட்டையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து" என்றார் அப்பா.

அடக்க ஒடுக்கமாகத்தான் சண்முகத்தாயக்கா வீட்டுக்குப் போனேன். சுற்றுப்பட்டில் அவரை விட்டால் ஒப்பாரிக்கு ஆள் கிடையாது. நாற்பத்தைந்து வயது, முப்பது ஆடு, எதற்கும் சிரிக்காத முகம். வெளிநாட்டு அழுகைகளைத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்த நண்பன் கப்பல்காரர்களிடம் வாங்கித் தந்திருந்தான். உள்ளூர் அழுகை மட்டும்தான் பாக்கி. டேப் ரெக்கார்டரை வைத்தேன்.

"யாரு தம்பி செத்தது?"

"யாரும் சாகலக்கா. சும்மா பாடுங்க."

"சும்மா எப்பிடி அழ? சும்மா அழுதா வீட்டுக்கு ஆகாதுல்லா. ஆளு பேரு வேணும், ஊரு வேணும், எனக்கு என்ன மொறைன்னு தெரியணும்."

ஒரு கற்பனைப் பெயர் சொன்னேன். அக்கா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டார். "இல்லாத மனுசனுக்கு எங்கேருந்து கண்ணீரு வரும்?" என்று அங்கிருந்தே குரல் வந்தது.

பின்வாங்குகிற ஜாதி இல்லை நான். "அப்ப எனக்கே பாடுங்க" என்றேன்.

அக்கா திரும்பி வந்தார். சந்தையில் ஆடு பிடிக்கிறவர் மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம பூ வைக்கப் போற ஆளு. வேண்டாம் தம்பி."

"ஆராய்ச்சிக்கா. நூறு வருசம் கழிச்சும் உங்க குரல் நிக்கும்."

"குரல் நிக்கும். நீரு நிக்கணும்லா." அரை மணி நேரம் கெஞ்சியபின் பெருமூச்சு விட்டார். "சரி. அக்கா மொறைக்கே அழுதுருதேன். நெலம் எவ்வளவு?"

"ஒன்றரை ஏக்கர். அப்பா பேர்ல."

"ஒன்றரை ஏக்கருக்கு அழுதா மூணு வரியில முடிஞ்சிரும். நூறு ஏருன்னு வச்சுக்கிடுதேன். நல்ல பெலமான ஆளா நீரு?" மறுபடியும் என்னைப் பார்த்தார். "அதையும் நானே பாத்துக்கிடுதேன்."

பாடினார்.

*நாகலாபுரம் சீமையில நாலு சனம் கைகூப்ப*
*நூறேரு பூட்டி நின்ன எங்க ராமசுப்பு*
*தேரு நடக்குதுன்னு தெருவெல்லாம் வழிவிடுமே*
*ஊரழுக உறவழுக ஒத்தையில போனீரோ*

இப்படிப் பன்னிரண்டு நிமிடம்.

விழா அன்று சாயங்காலம் ஐந்து மணி. தண்ணீர்த் தொட்டி மேல் நாலு குழாய் கட்டியிருந்தார் ரேடியோ செட் முத்தையா அண்ணாச்சி. பங்குனி மாதம், வெள்ளாமை எடுத்து முடித்த வெறுங்கரிசல். சத்தத்தை மறிக்க ஒரு பருத்திச் செடிகூடக் கிடையாது. காற்று வேறு மேற்கேயிருந்து அடித்தது.

அண்ணாச்சிக்கு ஒரு தொழில் விதி உண்டு. பேச்சு என்றால் சத்தத்தைக் குறைத்து வைப்பார். கூட்டி வைத்தால் குழாய் ஊளையிடும். பாட்டு என்றால் முழுசாகத் திறந்து விட்டுவிடுவார். ஆக, "இது ஆராய்ச்சிக்காகப் பாடப்பட்டது, நான் நலமாக இருக்கிறேன்" என்று நான் கொடுத்த விளக்கம் மேடைக்கு முன்னால் இருந்த எழுபது பேருக்கு மட்டும் கேட்டது. பாட்டு மூன்று ஊருக்குக் கேட்டது.

இன்னொரு விஷயம், எங்கள் பக்கத்தில் பிறந்த எனக்கு மறந்திருக்கக் கூடாதது. துட்டி வீட்டிலும், அதாவது சாவு வீட்டிலும், நாங்கள் குழாய் கட்டுவோம். பெண்கள் மைக்கை வாங்கி வாங்கி அழுவார்கள். யார் போனது என்று பக்கத்து ஊருக்கு ஆள் விட வேண்டியதில்லை. பாட்டிலேயே பேர் வந்துவிடும்.

முதலில் தேவாலயப் பாட்டு. "சாமியாரு எந்திரிக்கப் பாக்காரு, முடியல" என்றது ஒரு குரல். அடுத்து பருத்திக் காட்டுப் பாட்டு. "இந்த ஆளுக்கு வயித்து வலிலே" என்றது அதே குரல். அயர்லாந்தைக் கடைசிக்கு என்று ஒதுக்கிவிட்டு, மூன்றாவதாக ஒப்பாரி. நாலாவது வரியில் முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எட்டாவது வரியில் கட்டிப்பிடித்து அழவே ஆரம்பித்தார்கள். நான் எதிரே முழு உருவமாக நிற்கிறேன்; என்னைப் பார்த்துப் பார்த்தே அழுகிறார்கள். நான் பரவசமாகி, 'இறங்குமுகம், மூன்றாம் சுரத்தில் விசும்பல்' என்று குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

கைதட்டல் ஓய்ந்து, நான் விளக்கவுரையை முக்கால் மணி நேரமாக இழுத்துக்கொண்டிருந்தபோது கிழக்கேயிருந்து ஒரு டிராக்டர் வந்தது. ட்ரெய்லரில் பத்துப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் என் வருங்கால மாமனார், தோளில் கோடித்துணி, கையில் ரோஜா மாலை.

டிராக்டர் நின்றது. அழுகையும் பாதியில் நின்றது. மாமா மேடையைப் பார்த்தார். நான் மேடையிலிருந்து மாமாவைப் பார்த்தேன்.

"மாப்ள…" என்றார்.

செண்பகத்தின் சித்தப்பாவும் கூட வந்திருந்தார். மீதியை அவர் கேட்டார். "ஏலே, நீ சாகலையா?"

(அந்தக் குரலில் நிம்மதி இருந்ததாக இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.)

அந்த இடத்தில் எந்த மடையனும் காலில் விழுந்திருப்பான். நான் மைக்கை எடுத்தேன். "மாமா, நீங்க ஓடி வந்ததுதான் என் கட்டுரைக்கே ஆதாரம். முதல்ல போட்ட ஐரோப்பியப் பாட்டைக் கேட்டு ஒரு டிராக்டர் கிளம்புச்சா? செத்தவன் பேரைச் சொல்லி அழுகிற இசைக்குத்தான் மாமா இந்த பலம்!"

அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆதாரமா?" என்று சித்தப்பா மேடைக்கு ஏறி வந்தார். "எங்க பிள்ள அங்கன மொளகா வத்தல் காயப் போட்ட எடத்துலயே உக்காந்து அழுதுட்டுக் கெடக்கு. ஒப்பாரி வச்சு முடிச்ச ஆளுக்கு எப்பிடிய்யா பொண்ணு குடுக்க? நாளைக்கு அது தாலிக்கு யாரு ஜவாப்பு? அண்ணே, வண்டிய எடுங்க."

ஆறாவது வீடும் போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்போது சண்முகத்தாயக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அழுதவ நான். கேளுங்க. செத்ததாச் சேதி பரவுன ஆளுக்கு ஆயுசு கெட்டி, ஒங்க ஊர்லயும் அப்பிடித்தான சொல்லுவாவ? இவருக்குப் பன்னெண்டு நிமிசம் முழு ஒப்பாரி. எமனே வந்தாலும், இந்த ஆளு கணக்கு முடிஞ்சு போச்சுன்னு திரும்பிப் போயிருவான்."

மாமா யோசித்தார். அவருடைய கவலை வேறு. துட்டிக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. உயிரோடு இருப்பவன் கழுத்திலும் போடக் கூடாது. கையில் வைத்துக்கொண்டு தவித்தார். அரை மணி நேரப் பஞ்சாயத்துக்குப் பிறகு சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்: மாலை கேசட்டுக்கு. கேசட்டை எரித்துவிட்டு, நான் தலை முழுகிவிட வேண்டும். அப்புறம் வெள்ளிக்கிழமை பற்றிப் பேசலாம்.

"எரிக்கிறதுக்கு முன்னால ஒரு காப்பி மட்டும்…" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததோடு சரி, அப்பா என்னைப் பார்த்த பார்வையில் முடிக்கவில்லை.

ஊர் எல்லையில் கேசட்டைக் கோடித்துணியில் சுற்றி, மாலை போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். ஒப்பாரியோடு அயர்லாந்தும் அமெரிக்காவும் தேவாலயமும் ஒரே கேசட்டில் இருந்ததால் நாலு நாட்டுக்கும் ஒரே கொள்ளிதான். கொள்ளி வைத்தது நான். பிறகு பம்புசெட்டில் தலை முழுகினேன். அழ வந்த பத்துப் பெண்களும் முழுகினார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று.

வெள்ளிக்கிழமை நிச்சயம் நடந்தது. சித்தப்பா மட்டும் தாம்பூலம் மாற்றும்போது என் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தார். இன்றைக்கும் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குக் குழாய் கட்டினாலும், "மைக்க அவர்ட்ட குடுத்துராதிய" என்று ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை.

கல்யாணமான புதிதில் செண்பகத்திடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "அன்னைக்கு வத்தல் காயப்போட்ட எடத்துல உக்காந்து அழுதியாமே. அப்ப எம்மேல அவ்வளவு பிரியமா?"

செண்பகம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒங்களுக்காவ எங்க அழுதேன்? நூறு ஏரு வச்ச மனுசரு, தேரு மாதிரி நடப்பாராம். அப்பிடிப்பட்டவரு நமக்கு வாய்க்காமப் போயிட்டாரேன்னுதான் அழுதேன். அவரு வரலையே, நீங்கதான வந்திய."